சேலத்தில் பழைய வீடு வாங்குவோருக்கு: தீரும் குறைகளும் தீராத குறைகளும்

சேலத்தில் முதன்முறையாக வீடு வாங்க நினைப்பவர்கள், புறநகர் மனைகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் பார்த்து முடித்த பிறகு, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, அரிசிபாளையம் போன்ற பழைய பகுதிகளில் விலைக்கு வரும் வீடுகளின் பக்கம் திரும்புவது வழக்கம். கடைவீதியும் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கும் தொலைவில் இருப்பதும், தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் சித்திரை வெயிலைத் தாங்குவதும், கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி மண்ணாகவே கையில் நிற்பதும் இவ்வீடுகளின் உண்மையான நன்மைகள். ஆயினும் வீட்டின் வயதை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கலாம் என்றோ கூடாது என்றோ முடிவு செய்ய முடியாது. பணம் செலவழித்தால் தீரும் குறைகள் உண்டு; எவ்வளவு செலவழித்தாலும் தீராத குறைகளும் உண்டு. முன்னவை விலையைக் குறைத்துக் கேட்பதற்கான காரணங்கள். பின்னவை அந்த வீட்டை விட்டுவிடுவதற்கான காரணங்கள். இவ்விரண்டையும் எந்த வரிசையில் சோதித்துப் பிரிப்பது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. செலவில்லாத சோதனைகளை முதலிலும், பொறியாளருக்கும் வழக்கறிஞருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டியவற்றைப் பின்னாலும் வைத்துக்கொண்டால் வீண் செலவு பெருமளவு குறையும்.

முதல் படி: வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள்

வாசலில் நின்று, தெருவின் மட்டத்தையும் வீட்டுத் தரையின் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார்த்தளமும் சிமென்ட் தளமும் போட்டு வந்த தெருக்களில், ஒரு காலத்தில் படியேறிச் சென்ற வீடுகளுக்குள் இன்று படியிறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. திண்ணை உள்ள வீடானால் அதுவே நல்ல அளவுகோல்: வசதியாக ஏறி உட்காரும் உயரத்தில் கட்டப்பட்ட திண்ணை இப்போது தெருவிலிருந்து ஒரு முழம்கூட இல்லையென்றால், சாலை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டில் மழைநீர் உள்ளே வருவது ஒரு தொல்லை. கழிவுநீர் வெளியே போக மறுப்பது அதைவிடப் பெரிய தொல்லை. சாக்கடையின் மட்டத்துக்குக் கீழே கழிப்பறை அமைந்துவிட்டால், கனமழை நாளில் குழாய் எதிர்த்துப் பாயும்.

இந்தக் குறை தீருமா தீராதா என்பதைக் கூரையின் உயரமே முடிவு செய்கிறது. உள்ளே 12 அடி உயரம் இருக்குமானால், தரையை ஒன்றரை அடி உயர்த்தி, கதவு நிலைகளைத் தூக்கி வைத்துவிடலாம். செலவு உண்டு, ஆனால் வீடு பிழைத்துக்கொள்ளும். தாழ்வாரத்தில் தலை குனிந்து நுழைய வேண்டிய ஓட்டு வீட்டில் அதற்கு இடமே கிடையாது. ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்தித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மண் சாந்தாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டிய சுவர்களுக்கு அந்த முறையை அனுபவமுள்ள கட்டுமானப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எண்ணிப் பார்க்கவே கூடாது.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு நகரின் நடுவே ஓடுவதால், மலையில் பெய்யும் மழை சிறிது நேரத்தில் தாழ்வான தெருக்களில் தெரிந்துவிடும். தரகரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "ஐயா, போன ஐப்பசி மழைக்கு இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுங்க?" என்று கேளுங்கள், பெரும்பாலும் அவர் கையால் சுவரில் உயரத்தையே காட்டிவிடுவார்.

தெருவின் அகலத்தையும் நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். ஜல்லி லாரியும் ஆம்புலன்ஸும் நுழைய முடியாத சந்தில், நாளை நடக்கும் ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் தலைச்சுமைக் கூலி தனியாகச் சேரும். நெசவு நடக்கும் பகுதிகளில் பக்கத்து வீட்டு விசைத்தறியின் அதிர்வையும் ஓசையையும், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் உள்ள தெருக்களில் உருக்குவதாலும் அமிலத்தாலும் எழும் நெடியையும், வேலை நாளின் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் சென்று நேரில் அறிந்துகொள்ள வேண்டும். விடுமுறை நாளில் மட்டும் வீட்டைப் பார்ப்பவருக்கு இவை எதுவுமே தெரியாது.

இரண்டாம் படி: பத்திரத்தைப் படியுங்கள்

தெரு பிடித்திருந்தால், பொறியாளரை அழைப்பதற்கு முன்பே பத்திரங்களின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. வங்கிகள் பொதுவாக 30 ஆண்டு உரிமைத் தொடர்ச்சியைக் கேட்பது வழக்கம் என்றாலும், பழைய வீட்டுக்கு மூலப்பத்திரம், அதாவது அந்தச் சொத்தின் தொடக்கப் பத்திரம் வரை பின்னோக்கிச் செல்வதே நல்லது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பெற வேண்டும். ஆனால் வில்லங்கச் சான்று என்பது பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. பதிவு செய்யாத உயில், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, அசல் பத்திரத்தை ஒப்படைத்து முற்காலத்தில் வாங்கிய கடன், போக்கியத்துக்குக் குடியிருப்பவரின் பணம் ஆகியவை அதில் வராமல் போகலாம். ஆகவே அசல் பத்திரம் விற்பவரின் கையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும்.

பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. பழைய வீட்டைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமான பக்கம். செக்குபந்தி என்ற பெயரில் நான்கு எல்லைகளும், கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று அளவுகளும் அங்கே இருக்கும். அவற்றுக்குக் கீழே, "மாமூல் வழிநடை பாத்தியமும், கிணற்றில் பொதுவில் நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும் சகிதம்" என்பதுபோல ஒரு வரி வரும். அந்தப் பாத்தியம், அதாவது உரிமை, உங்களுக்கு உரியதா, உங்கள் இடத்தின் மீது பக்கத்து வீட்டாருக்கு உரியதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிணறு மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆயினும் எழுத்தில் நிற்கும் வழி உரிமையை வைத்துக்கொண்டு, நீங்கள் கொல்லைப்புறத்தில் சுவர் எழுப்பும் நாளில் தகராறு தொடங்கலாம். பக்கச் சுவர் பொதுச்சுவரா தனிச்சுவரா என்பதும் இதே பகுதியில்தான் இருக்கும். பொதுச்சுவர் என்றால், நீங்கள் வீட்டை இடிக்கும்போது அடுத்த வீட்டின் உத்திரமும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

பத்திரம் அடிக்கணக்கிலும் நகர நில அளவைப் பதிவேடு சதுர மீட்டரிலும் இருப்பதால், ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி என்ற கணக்கில் மாற்றி, நீங்களே நாடா வைத்து அளந்த அளவோடு மூன்றையும் ஒப்பிடுங்கள். பழைய தெருக்களில் சிறு வேறுபாடு இயல்பு. பத்திரத்தில் உள்ளதைவிட இடம் கூடுதலாகத் தெரிந்தால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அந்தக் கூடுதல் பின்சந்திலிருந்தோ, சாக்கடை ஓரத்திலிருந்தோ, அடுத்தவர் மனையிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். மனை கோயிலுக்கோ வக்ஃபுக்கோ உரிய அடிமனையாக இருந்து, கட்டடம் மட்டும் விற்பவருடையதாக இருந்தால், அதைத் தீராத குறைகளின் வரிசையில் வைத்துவிட்டு வேறு வீடு பார்ப்பதே என் அறிவுரை. அடிமனை வாடகை ரசீது ஏதேனும் உண்டா என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்.

மூன்றாம் படி: வாரிசுகளை எண்ணுங்கள்

பழைய வீட்டு வழக்குகளில் கட்டடத்தைவிடக் குடும்பமே அதிகம் இடம்பெறுகிறது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, அவர் உயில் எழுதாமல் காலமானார், மகன்கள் மட்டும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு வாழ்ந்து வந்தார்கள், இப்போது ஒருவர் விற்கிறார் என்பது மிகவும் பழக்கமான கதை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் தனிச்சொத்தில் மனைவி, தாய், மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு; அவருக்கு முன்பே இறந்துவிட்ட மகன் அல்லது மகளின் பங்கு அவர்களுடைய வாரிசுகளைச் சேரும். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. ஆனால் அது அதற்கு முன்பே திருமணமான மகள்களைச் சேர்க்கவில்லை. 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தந்தை 2005-ல் உயிருடன் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-ஆம் தேதிக்கு முன் முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் தொடுவதில்லை.

இதை வாங்குபவர் எப்படிப் பயன்படுத்த வேண்டும்? வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் பத்திரத்தில் கையெழுத்திடுவோரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெயர் ஒன்று குறைந்தால், "அக்காவுக்குக் கல்யாணத்தப்பவே சீர் செஞ்சு கணக்கு முடிச்சுட்டோமுங்க" என்ற பதில் வரலாம். சொல்பவர் மனமறிந்து உண்மையாகவே சொல்லக்கூடும். ஆனால் சீர் செய்தது சட்டத்தின் கண்ணில் விடுதலை, அதாவது பங்கை விட்டுக்கொடுத்தது ஆகாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது அந்த அக்கா கிரயப் பத்திரத்தில் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். இதில் இரக்கத்துக்கும் இடமில்லை, அவசரத்துக்கும் இடமில்லை. அந்தப் பெண்மணிக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வாங்கும் வீடு உங்களுக்கும் நிம்மதியைத் தராது. வாரிசுகளில் மைனர் இருந்தால், பாகம் பிரிந்த அவருடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. அனுமதி இல்லாத விற்பனையை அவர் வயது வந்த பிறகு எதிர்த்து வழக்காடலாம். பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் ஒருவர் விற்கிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதை அவரை நேரில் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

வாடகைக்கோ போக்கியத்துக்கோ யாரேனும் குடியிருந்தால், அவர்களைக் காலி செய்யும் பொறுப்பும் போக்கியப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் பதிவுக்கு முன்பே விற்பவருடையவை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பதிவுக்குப் பின் அந்தக் குடியிருப்பவர்கள் உங்கள் குடியிருப்பவர்கள் ஆகிவிடுவார்கள்.

நான்காம் படி: கட்டடத்தைத் தட்டிப் பாருங்கள்

இதுவரை வந்தும் வீடு நிலைத்து நின்றால், இப்போது கட்டடத்துக்கு வரலாம். சேலத்தின் பழைய வீடுகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பார்க்கலாம்: மண் சாந்துச் சுவரும் நாட்டு ஓடோ சீமை ஓடோ வேய்ந்த கூரையும் கொண்டவை, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மர உத்திரங்களும் கொண்ட மெத்தை வீடுகள், கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட பிற்கால வீடுகள். மூன்றாவது வகை புதிது என்பதால் உறுதியானது என்று நினைத்துவிட வேண்டாம். கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் மூடாமல் கட்டிய வீடுகளில், குளியலறைக் கூரையிலும் வெயில் மறைப்பிலும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். நீண்ட கழியால் கூரையின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே வந்தால், பிரிந்து நிற்கும் இடம் பொள்ளென்று ஒலிக்கும். ஓரிரு இடங்கள் என்றால் பழுது பார்க்கலாம். அறைக்கு அறை அப்படி ஒலித்தால் கூரையையே மாற்றும் செலவைக் கணக்கில் எழுதுங்கள்.

மெத்தை வீட்டில், சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்ட கூரையை மர உத்திரங்களே தாங்குகின்றன. உத்திரத்தின் நடுப்பகுதி தேக்கு பளபளப்போடு அழகாக இருக்கும். அதைப் பார்த்து மயங்காமல், சுவருக்குள் செருகியிருக்கும் முனையைப் பாருங்கள். ஈரமும் கரையானும் தொடங்குவது அங்கேதான். ஏணி போட்டு ஏறி, சிறு கத்தியின் முனையால் சுவரை ஒட்டிய மரத்தைக் குத்துங்கள். நல்ல மரம் கத்தியை எதிர்க்கும். உளுத்த மரத்தில் கத்தி இறங்கும், பழுப்புத் தூளும் கொட்டும். ஒரு முனை கெட்டிருந்தால் தாங்கு கொடுத்து அந்த உத்திரத்தை மட்டும் மாற்றலாம். எல்லா முனைகளும் அப்படியே இருந்தால், கூரை வழியாகப் பல ஆண்டுகளாக நீர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருப்பது பழைய வீடுகளில் சாதாரணம். அதை மறைக்க விற்பவர் அண்மையில் ஓடு பதித்தாரா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். ஆகையால் இப்படிப்பட்ட வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பாரா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். அவர்கள் அருகிவிட்டார்கள், கூலியும் கூடுதல். பூச்சில் மட்டும் ஓடும் மெல்லிய கீறல்கள் அச்சப்படத் தக்கவை அல்ல. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, இருபுறமும் தெரியும்படி பிளந்து, ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு விரிந்திருக்கும் விரிசல் அடித்தளம் இறங்குவதைக் காட்டக்கூடும். அதற்குப் பொறியாளரின் கருத்து கட்டாயம்.

அம்மாபேட்டை, குகை பகுதிகளின் பழைய நெசவாளர் வீடுகளில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கைத்தறி இருந்த அறையில், நெசவாளர் கால் வைத்து மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய தறிக்குழி இருந்திருக்கும். தறி போன பிறகு அதில் இடிபாட்டையும் மண்ணையும் கொட்டி, திமிசு போட்டுக் கெட்டிப்படுத்தாமல் மேலே சிமென்ட் பூசியிருந்தால், நாளடைவில் மண் இறங்கித் தளத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும். அறையில் செருப்பில்லாமல் நடந்து, குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். ஒலி மாறும் இடமும், தரையில் நீள்சதுரமாகத் தெரியும் மெல்லிய கீறலும், மழைக்காலத்தில் மட்டும் கறுக்கும் ஈரத் திட்டும் அந்தக் குழியின் எல்லையைக் காட்டிவிடும். இது முழுக்கத் தீரும் குறை. தோண்டி எடுத்து, கிராவல் இட்டு நீர்விட்டுக் கெட்டிப்படுத்தித் தளம் போட்டால் போதும். ஆனால் தெரியாமல் அதன் மேல் கனமான பீரோவையோ நீர்த்தொட்டியையோ வைத்துவிடக் கூடாது.

மின்கம்பிகளையும் நீர்க்குழாய்களையும் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங்கும் நில இணைப்பு (எர்த்) இல்லாத பிளக் சொருகுகளும் துருப்பிடித்த இரும்புக் குழாய்களும் இருந்தால், முழுவதையும் மாற்றுவதாகவே கணக்கிடுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டு கணக்குகள் போடுங்கள்

மனையின் விலை ஒரு தாளில், கட்டடத்தின் மதிப்பு மற்றொரு தாளில் இருக்கட்டும். வயதான கட்டடத்துக்கு விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து பழுதுச் செலவைக் கழிக்கும்போது மீதி ஒன்றும் நிற்கவில்லை என்றால், நீங்கள் வாங்குவது மனையைத்தான். அப்படியானால் இடித்துக் கட்டும் எண்ணம் தோன்றும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வீடு மனையின் நான்கு எல்லையையும் தொட்டு நிற்கலாம்; அதை இடித்த பிறகு கட்டும் வீட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். தெருவின் அகலத்துக்கும் மனையின் அளவுக்கும் ஏற்ப விட வேண்டிய இடத்தை விட்ட பிறகு, 15 அடி அகல மனையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை உரிமம் பெற்ற பொறியாளரிடம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். ஒடுக்கமான மனையில் நல்ல சுவர்களோடு நிற்கும் பழைய வீட்டைப் புதுப்பித்து வாழ்வதே பல நேரங்களில் அதிக இடத்தைத் தரும்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 7% முத்திரைத் தீர்வையும் 2% பதிவுக் கட்டணமும் செலுத்த வேண்டும். 60 லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் பதிந்தால் அது மட்டும் 5,40,000 ரூபாய். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1% பிடித்து அவருடைய பான் எண்ணின் பேரில் வருமான வரித்துறைக்குச் செலுத்தும் கடமையும் வாங்குபவருடையது. வங்கிக் கடனை நம்பியிருப்பவர்கள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாத பழைய வீட்டுக்கும், கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைப் பொறியாளர் குறைவாக மதிப்பிடும் வீட்டுக்கும் கடன் தொகை சுருங்கக்கூடும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியில் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்காட்டில் பார்ப்பவர்களுக்கு

சேர்வராயன் மலையில் பழைய பங்களாவோ தோட்ட வீடோ தேடுபவர்களுக்கு மேற்சொன்னவை எல்லாம் பொருந்தும். கூடுதலாகச் சில உண்டு. ஏற்காடு மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது. அங்கே புதிதாகக் கட்டுவதற்கும் விரிவாக்குவதற்கும் சமவெளியில் இல்லாத கூடுதல் அனுமதிகள் வேண்டும். எனவே இடித்துக் கட்டலாம் என்ற நினைப்பில் அங்கே பழைய வீடு வாங்காதீர்கள். நிற்கும் வீடு நிற்கிறபடியே உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள். பழங்குடியினருக்கோ நிலமற்றோருக்கோ அரசு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலமா என்பதைப் பட்டாவில் சரிபாருங்கள். வீட்டுக்கு வரும் பாதை காபித் தோட்டம் ஒன்றின் உள்ளே ஓடுகிறதென்றால், அந்த வழி உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தோட்டக்காரர் மாறினால் வாய்மொழிச் சம்மதம் மாறிவிடும். பனியும் சாரலும் சேர்ந்து மரத்தையும் தகரத்தையும் சமவெளியைவிட விரைவாகக் கெடுக்கும். சரிவின் மேற்பக்கத்துத் தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா என்பதை மழைக்காலத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. சிமென்டும் கம்பியும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும் என்பதால், கீழே வாங்கிய விலைப்பட்டியலை அப்படியே வைத்துப் பழுதுச் செலவைக் கணக்கிட முடியாது.

கடைசிப் படி: ஒப்பந்தம், பதிவு, அதற்குப் பின்

விலை முடிவானதும் கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி முன்பணம் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, அதைத் தவிருங்கள். எந்தெந்த வாரிசு கையெழுத்திடுவார், குடியிருப்பவர் எந்தத் தேதிக்குள் காலி செய்வார், அசல் பத்திரங்கள் எவை ஒப்படைக்கப்படும், சொத்துவரி, குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்கட்டண நிலுவைகளை யார் தீர்ப்பது என்பன அதில் வரிக்கு வரி இருக்க வேண்டும். வழக்கறிஞரின் கருத்தில் சிறு ஐயம் எஞ்சினாலும், உள்ளூரில் விற்கும் நாளிதழில் பொது அறிவிப்பு வெளியிட்டுக் காத்திருப்பது பெரிய செலவல்ல. பதிவு நாளன்று காலையில் வில்லங்கச் சான்றை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு ஆகிய மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்ற உடனே மனுக் கொடுங்கள். வீட்டு வேலையைத் தொடங்கும்போது கூரையின் நீர்க்கசிவையும் மின்கம்பிகளையும் முதலில் சரிசெய்து, மழைநீர்ச் சேகரிப்புக் குழி அடைபட்டிருந்தால் தூர்வாருங்கள். சுவர்ப்பூச்சையும் வண்ணத்தையும் மட்டும் ஒரு மழைக்காலம் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தச் சுவர் நனைகிறது, எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்து வைத்து, தை மாதம் சுவர் காய்ந்த பிறகு அந்த இடங்களைக் கொத்தனாரிடம் காட்டி வேலையைத் தொடங்குங்கள்.